தையல்நாயகி: காவிரிக் கரைப் பெயர் ஒன்றின் பொருளும் பிறப்பும்

சீர்காழி, மயிலாடுதுறை, குத்தாலம், தரங்கம்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தையல்நாயகி என்ற பெயர் புதிதே இல்லை. தெருவுக்கு ஒரு தையல்நாயகி ஆச்சியோ தையல்நாயகி அத்தையோ இருந்திருப்பார். ரேஷன் கடை வரிசையில் கூப்பிடுவார்கள், நடவு ஆட்களின் கூலிக் கணக்கில் எழுதியிருக்கும், கல்யாணப் பத்திரிகையில் பாட்டி பெயராக வந்திருக்கும். அதே பெயரைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சொல்லிப் பாருங்கள். "டெய்லரிங் பண்றாங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தையல் என்றால் இன்று எல்லோருக்கும் தெரிந்தது ஊசியும் நூலும்தான்.

பெயரின் பொருள் வேறு. "தையல்" என்பது பெண்ணைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். "நாயகி" என்றால் தலைவி. பெண்களுக்கெல்லாம் தலைவி, பெண்ணரசி என்பதுதான் தையல்நாயகி. இந்தப் பெயரோடு பிறந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சலித்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் உதவட்டும் என்றுதான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெண் என்ற பொருளில் இந்தச் சொல் உங்களுக்கு முன்பே தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஆத்திசூடியில் "தையல் சொல் கேளேல்" என்று ஒரு வரி வரும். பெண் பேச்சைக் கேட்டு நடக்காதே என்று ஔவையார் பெயரில் வழங்கும் அந்த வரிக்கு உரைகாரர்கள் பலவிதமாகச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பாரதியார் சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. தான் எழுதிய புதிய ஆத்திசூடியில் அதே தகர வரிசையில், அதே சொல்லை எடுத்து "தையலை உயர்வு செய்" என்று எழுதிவிட்டார். இரண்டு வரியிலும் தையல் என்றால் பெண்தான். ஊசி எங்கும் வரவில்லை.

இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரம். பூம்புகாரில் பிறந்த கண்ணகி, கணவனோடு நடந்து நடந்து வைகைக் கரைக்கு வந்து சேரும் இடம். மதுரையில் அவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்று ஆற்றுக்கு முன்பே தெரிந்துவிட்டதாம். அதனால்தான் பூக்களை ஆடையாகப் போர்த்திக்கொண்டு, கண்ணீரை மறைத்துக்கொண்டு ஓடியதாம். "தையற்கு உறுவது தான் அறிந்தனள் போல்" என்று இளங்கோவடிகள் எழுதுகிறார். அந்தத் தையல் கண்ணகி. படித்துவிட்டு யாராவது "கண்ணகி துணி தைத்தாளா" என்று கேட்டால் சிரிப்போம். நம் பாட்டிகளைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள்.

அப்படியானால் துணி தைக்கும் தையலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா என்றால், வேரில் தொடர்பு இருக்கிறது. "தை" என்ற வினைச்சொல் பழைய தமிழில் ஊசி வேலையோடு நின்றுவிடவில்லை. சேர்த்துக் கட்டுவது, தொடுப்பது, புனைவது, அணிவது எல்லாமே தைப்பதுதான். சங்கப் பாட்டில் பெண்கள் தழையைத் தொடுத்து ஆடையாக உடுத்துவதைச் சொல்லும்போது "தைஇ" என்ற சொல் வரும். அதன் மிச்சம் நம் வீட்டுப் பந்தியிலேயே இருந்தது. வாழையிலைக்குப் பஞ்சம் வந்தால் மந்தாரை இலையையோ ஆலிலையையோ ஈர்க்குச்சியால் கோத்து வட்டமாகச் செய்வார்களே, அதற்குப் பெயர் தையல் இலை. நூலும் கிடையாது, துணியும் கிடையாது, ஆனாலும் தையல். தமிழ் அகராதிகளில் தையல் என்ற சொல்லுக்கு நேரே தைத்தல், புனைவு, அழகு, பெண் என்று பொருள்கள் வரிசையாக நிற்கும். புனைவிலிருந்து அழகு, அழகிலிருந்து பெண் என்று சொல் நகர்ந்திருக்கிறது. தையல் கடைப் பலகையில் இருப்பதும் பாட்டியின் ஆதார் அட்டையில் இருப்பதும் ஒரே கொடியில் காய்த்தவைதான். ஆனால் பெயரில் இருப்பது பெண் என்ற காய்.

"நாயகி" பற்றியும் ஒரு வார்த்தை. அது வடமொழி வழியாக வந்த சொல். ஆகையால் பெயர் முழுவதும் தனித்தமிழ் என்று சொல்ல முடியாது. முன்பாதி தமிழ், பின்பாதி தமிழில் நெடுங்காலமாகக் கலந்துவிட்ட சொல். பெரியநாயகி, வேதநாயகி, உலகநாயகி என்று எத்தனையோ பெயர்களில் அது அப்படித்தான் இருக்கிறது.

பெயர் வந்த ஊர்

சீர்காழியிலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் சுமார் 7 கிலோமீட்டரில் வைத்தீஸ்வரன்கோயில். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020இலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கிற மண். கோயில் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். புள் என்றால் பறவை, இங்கே ஜடாயு. இருக்கு என்பது ரிக் வேதம். வேள் என்றால் முருகன். ஊர் என்பது சூரியன். நான்கு பேரும் வழிபட்ட தலம் என்று பிரித்துச் சொல்வது தலபுராண மரபு. மூலவர் வைத்தியநாதர். தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில். இங்கே உள்ள அம்மன்தான் தையல்நாயகி. டெல்டாவில் இந்தப் பெயர் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும், பெயர் இந்தச் சன்னதியிலிருந்துதான் வந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அதிகம், ஏனென்றால் இது செவ்வாய்க்குரிய தலம். ஆனால் சோதிடத்துக்கு முன்பே இது நோய்க்கு வருகிற ஊர். உடம்பில் கட்டி வந்தவர்கள், பரு வந்தவர்கள், தீராத வலிக்காரர்கள் சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். மிளகும் உப்பும் வாங்கிக் கொட்டுவார்கள். வெல்லக்கட்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அது கரைகிறதா என்று படியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களைக் காணலாம். கட்டி கரைய வெல்லம் கரைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கோயிலில் கொடுக்கும் திருச்சாந்துருண்டை இன்னொன்று. ஹோமகுண்டச் சாம்பலும் மண்ணும் குளத்து நீரும் சேர்த்து உருட்டிய சிறிய உருண்டை. 4448 நோய்க்கும் மருந்து என்பது நம்பிக்கை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விடாமல் அடித்தால், மாத்திரையோடு சேர்த்து இதையும் வாயில் போடுகிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

திருஞானசம்பந்தர் பிறந்தது பக்கத்துச் சீர்காழியில். 7ஆம் நூற்றாண்டு. அவர் புள்ளிருக்குவேளூருக்குப் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாவது பாட்டு இப்படித் தொடங்கும்: "தையலாள் ஒருபாகம் சடைமேலாள் அவளோடும்". ஒரு பாகத்தில் தையலாள், சடையின் மேல் கங்கை. தேவாரத்தில் உமையம்மையைத் தையல் என்று சொல்லும் இடங்கள் நிறைய உண்டு. ஆகவே இந்த ஒரு வரியிலிருந்துதான் அம்மனுக்குப் பெயர் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே ஊரில், இதே கோயிலுக்குப் பாடிய பாட்டில், அந்தச் சொல் 1300 ஆண்டுக்கு மேலாக இருந்துகொண்டே இருக்கிறது. பேத்திக்கு இந்தப் பெயரை வைக்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. அதே பாட்டின் முடிவில் ஜடாயுவைப் "பொய்சொல்லாது உயிர்போனான்" என்கிறார் சம்பந்தர். ராவணனோடு சண்டை போட்டு விழுந்த கிழப் பறவைக்கு இப்படி ஒரு பெயர். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கோயிலுக்குள் ஜடாயு குண்டம் என்று ஓர் இடமும் இருக்கிறது.

தைலநாயகி என்றும் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. சிவபெருமான் வைத்தியராக வந்தபோது கூடவே அம்மன் தைலப் பாத்திரத்தை ஏந்தி வந்தாள், அதனால் தைலநாயகி, அதுவே தையல்நாயகி ஆயிற்று என்பார்கள். வைத்தியர் மனைவி கையில் மருந்து எண்ணெய் இருப்பது கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கோயிலுக்குப் பொருந்திவரும் கதை. ஆனால் பெயரின் வேர் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தைலம் வடமொழிச் சொல், எள்ளைக் குறிக்கும் திலம் என்பதிலிருந்து வந்தது. தையல் தமிழ்ச் சொல், தேவாரத்திலேயே இருப்பது. தையல் என்றால் பெண் என்பது பேச்சில் மறந்துபோன பிறகு, தெரிந்த சொல்லான தைலத்தைக் கொண்டுவந்து மக்கள் பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். அப்படிச் சொன்னதால் பெயருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. தைலா, தைலம்மாள் என்று சில வீடுகளில் வழங்கும் பெயர்களும் இந்த வழியில் வந்தவைதான்.

அதே அம்மனுக்கு வடமொழியில் பாலாம்பிகை என்று பெயர். இங்கே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திருவாரூரில் பிறந்தவர். அவருடைய அப்பா ராமசுவாமி தீட்சிதர் பிள்ளை வரம் வேண்டி வந்த இடம் வைத்தீஸ்வரன்கோயில் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இங்குள்ள முருகன் பெயர் முத்துக்குமாரசாமி. மூத்த மகன் முத்துசுவாமி ஆனார். மகளுக்கு வைத்த பெயர் பாலாம்பாள். ஒரு கோயிலில் வேண்டிக்கொண்டு அந்தச் சன்னதிகளின் பெயரையே பிள்ளைகளுக்கு வரிசையாக வைப்பது எப்படி என்று காட்ட இதைவிடத் தெரிந்த குடும்பம் கிடையாது. தீட்சிதர் பிற்பாடு பாலாம்பிகை மேல் கீர்த்தனையும் பாடினார், செவ்வாய்க்கு அங்காரக கிருதியும் பாடினார்.

தீட்சிதர் வீட்டில் பாலாம்பாள் என்று வைத்தார்கள். வயல்காட்டு வீடுகளிலும் கடைத்தெரு வீடுகளிலும் அதே அம்மனை நினைத்துத் தையல்நாயகி என்று வைத்தார்கள். சாதி பார்த்து ஓடிய பெயர் இல்லை இது. வேண்டுதல் இருந்த வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறது.

பிள்ளை நோயில் கிடக்கும்போது "தாயே, பிழைக்கவை, உன் பேரையே வைக்கிறேன்" என்று நேர்ந்துகொள்வதுதான் வழக்கமான தொடக்கம். பிழைத்ததும் மொட்டை, காதுகுத்து, பெயர் எல்லாம் அங்கேயே. பெண் பிள்ளை என்றால் தையல்நாயகி. ஆண் பிள்ளை என்றால் வைத்தியநாதன், வைத்தியலிங்கம், முத்துக்குமாரசாமி, செல்வமுத்துக்குமரன். ஒரு வீட்டு அண்ணன் தம்பி அக்கா தங்கை பெயர்களைக் கேட்டாலே எந்தக் கோயில் குடும்பம் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த தலைமுறையில் பெயர் இன்னொரு வழியாகத் திரும்பி வரும். அப்பாவைப் பெற்ற ஆச்சி தையல்நாயகி என்றால் மூத்த பேத்திக்கு அதே பெயர். இதில் ஒரு சிக்கல் உண்டு. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். பெற்ற மகளையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. கோபம் வந்து "அடி தையல்நாயகி" என்று கத்தினால், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் மாமியார் திரும்பிப் பார்ப்பார். அதனால் பிள்ளை பாப்பா ஆகும், குஞ்சு ஆகும், ராசாத்தி ஆகும். இப்படி வளர்ந்தவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றுதான் தன் பெயர் தையல்நாயகி என்றே தெரிந்திருக்கும். பெயர் வழக்கிலிருந்து மெல்ல ஒதுங்கியதற்கு இந்தக் கூப்பிடும் பெயர்களும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்குள் காதில் விழாத பெயர் பிள்ளைகளுக்குப் பழகாது.

எப்படி எழுதுவது?

இந்தப் பெயர்க்காரர்களுக்குத்தான் தெரியும் இதன் வலி. தையல்நாயகி, தையநாயகி, தையனாயகி, தைலநாயகி. ஒரே ஆளுக்கு வாக்காளர் அட்டையில் ஒன்று, பட்டாவில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் இன்னும் மோசம். தொடக்கத்தில் "டி"யோடு "எச்" சேர்ப்பதா, நடுவில் "ஒய்" போடுவதா "ஐ" போடுவதா, முடிவில் "ஜி" போடுவதா "கே" போடுவதா என்று எழுதுகிறவர் கைக்கு வந்தபடி வரும். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்ட ஒரு பாட்டி, ஆதாரில் இருந்த பெயரும் ரேஷன் அட்டையில் இருந்த பெயரும் ஒத்துவரவில்லை என்று திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எம் பேரு எனக்குத் தெரியாதா தம்பி, ஒரே பேருதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது உண்மைதான். எழுதியவர்கள்தான் நான்கு விதமாக எழுதியிருந்தார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. "தையநாயகி" என்று பேச்சில் வருவதைப் படித்தவர்கள் கொச்சை என்று நினைத்துத் திருத்துவார்கள். கொஞ்சம் பொறுங்கள். தமிழ் இலக்கணப்படி "ல்" என்று முடியும் இப்படிப்பட்ட சொல்லுக்குப் பின் "ந" வந்தால், "ல்" மறைந்து "ந" என்பது "ன" ஆகும். தோன்றல் + நல்லன் என்பது தோன்றனல்லன் ஆவதுபோல, தையல் + நாயகி என்பது தையனாயகி ஆகும். பழைய ஏடுகளிலும் செய்யுள்களிலும் தையனாயகி என்ற வடிவம் வருவது இதனால்தான். ஆக, நடவு வயலிலிருந்து "ஏ தையனாயகி" என்று கூப்பிடுகிற குரல் நன்னூல் சூத்திரத்துக்குச் சரியாகத்தான் கூப்பிடுகிறது. இன்று பிரித்து எழுதும் வழக்கத்தில் தையல்நாயகி என்பதே எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது. புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் அதையே வைத்துக்கொள்வது நல்லது. கோயில் பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது.

டெல்டாவைத் தாண்டி

தையல்நாயகி காவிரிப் பக்கத்தோடு நின்றுவிடவில்லை. சென்னையை ஒட்டிய பூவிருந்தவல்லியில் ஒரு வைத்தீஸ்வரன் கோயில் இருக்கிறது. அங்கேயும் அம்மன் தையல்நாயகிதான். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்திலிங்கச் செட்டியார் கட்டிய வைத்தீஸ்வரன் கோயிலிலும் அம்மன் தையல்நாயகி. கட்டியவர் பெயரே இந்தச் சாமி பெயர்தான் என்பதைக் கவனியுங்கள். கோயில் போன இடத்துக்கெல்லாம் பெயரும் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலும் இது பாட்டிமார் பெயராக உண்டு.

செட்டிநாட்டுப் பக்கமும் கேட்கலாம். நகரத்தார் தங்கள் முன்னோர் பூம்புகாரில் இருந்து போனவர்கள் என்று சொல்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் செட்டிநாட்டிலிருந்து கால்நடையாகவே கிளம்பி, இரண்டாம் செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில் வந்து சேருகிறார்கள். அந்த வாரம் எங்கள் சாலைகளில் கையில் கம்போடு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து வருவார்கள். கொளுத்துகிற வெயிலில், பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு, எழுபது வயதுக்காரர்கள்கூட. நெடுகிலும் வீட்டு வாசலில் மோரும் பானகமும் வைத்துக் கொடுப்பார்கள்.

ஆனால் எல்லா வைத்தியநாதருக்கும் பக்கத்தில் தையல்நாயகி இருப்பார் என்று எண்ண வேண்டாம். கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் இருப்பவரும் வைத்தியநாதர்தான். "பொன்னார் மேனியனே" என்று சுந்தரர் பாடியது அவரை. அங்கே அம்மன் பெயர் வேறு, அழகாம்பிகை.

ஏன் குறைந்துபோனது?

டெல்டாவில் அம்மன் பெயர்களுக்குப் பஞ்சமே கிடையாது. மயிலாடுதுறையில் அபயாம்பிகை, தமிழில் அஞ்சொலாள். நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி, தமிழில் கருந்தடங்கண்ணி. வேதாரண்யத்தில் யாழைப் பழித்த மொழியாள். திருவையாற்றில் அறம்வளர்த்தநாயகி. திருக்கருகாவூரில் கருக்காத்தநாயகி. இவற்றில் பல பெயர்கள் கோயில் கல்லிலும் பதிகத்திலும் மட்டும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வைப்பதற்கு நாக்கில் புரள வேண்டும் அல்லவா? தையல்நாயகி புரண்டது. அதனால்தான் வீடுகளுக்குள் வந்தது.

பக்கத்திலேயே திருக்கடையூரில் இருக்கிற அபிராமியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டும் ஒரே வட்டாரத்துப் பெயர்கள். இரண்டுமே பெரிய கோயில்கள். ஆனால் அபிராமி தமிழ்நாடு முழுவதும் பரவி, கடல் தாண்டிப் போய், இன்றும் பிறக்கிற பிள்ளைகளுக்கு வைக்கப்படுகிறது. அபிராமி பட்டர் பாடிய அந்தாதி நூறு பாட்டும் வீடு வீடாகப் பாடப்பட்டதால் பெயர் காதுக்குப் பழகிவிட்டது. நான்கு எழுத்து. வேறு பொருளோடு மோதாது. தையல்நாயகிக்கோ அப்படிப் பட்டிதொட்டியெல்லாம் பாடுகிற ஒரு பாட்டு அமையவில்லை. குமரகுருபரர் இந்த ஊருக்கு வந்து பிள்ளைத்தமிழ் பாடினார். ஆனால் அது முருகன் மேல் பாடிய முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ். அம்மன் பெயரைத் தூக்கிச் சென்றது வேண்டுதல் மட்டும்தான். வேண்டுதல் வட்டாரத்தைத் தாண்டி அதிகம் நடக்காது.

அதோடு தையல் மெஷின் வந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் தையல் பழகினார்கள், தெருவுக்குத் தெரு தையல் பயிற்சி மையம் முளைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பெண் என்ற பழைய பொருளை அது முழுசாக மூடிவிட்டது. வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும்போது பின் பெஞ்சிலிருந்து "டெய்லர்" என்று குரல் வந்தால், அந்தப் பெண் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன சொல்லும்? பெயரை மாற்று என்றுதான் சொல்லும். மாற்றிக்கொண்டவர்களையும் தெரியும். அடுத்த தலைமுறையில் நாயகி, அம்மாள், வல்லி என்று முடிகிற பெயர்கள் எல்லாமே பாட்டி பெயர்கள் ஆகிவிட்டன. இரண்டு மூன்று எழுத்தில், ஆங்கிலத்தில் எழுத எளிதாக, எண்கணிதக் கூட்டுத்தொகைக்குத் தோதாகப் பெயர் தேடும் காலத்தில் தையல்நாயகி பட்டியலிலேயே வராது. எங்கள் பக்கத்து அங்கன்வாடிகளில் இன்று அந்தப் பெயரைக் கேட்பது அபூர்வம். வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் வயதானவர்கள் பக்கத்தில்தான் கண்ணில் படும்.

பாட்டி பெயர்கள் திரும்பி வருவதும் நடக்கிறது. பொன்னி, செல்லம்மா, மீனாட்சி எல்லாம் மறுபடி பிள்ளைகளுக்கு வைக்கப்படுகின்றன. தையல்நாயகியும் அந்த வரிசையில் வரவேண்டும் என்பது என் ஆசை. காரணம், தெய்வப் பெயர் என்பதோடு, பெண் என்பதையே தலைமையாகச் சொல்கிற பெயர் இது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று பொருள் வரும் அம்மன் பெயர்கள் உண்டு. இதில் அப்படி யாரும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பெண், தலைவி, அவ்வளவுதான்.

நீளம் என்று தயங்குகிறவர்கள் முழுப்பெயரைப் பதிவு செய்துவிட்டு வீட்டில் நாயகி என்றோ தையல் என்றோ கூப்பிடலாம். தேவாரத்திலேயே இருக்கிற தையலாள் என்ற வடிவமும் அழகானது, இன்னும் யாரும் அதிகம் எடுத்தாளாதது. இரண்டு பெயர் வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் சுருக்கமான ஒரு பெயரை முதலில் வைத்து, தையல்நாயகியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுவும் சரிதான்.

பதிவு செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அதனால் அவசரப்பட வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு தையல்நாயகி இருந்தால் அவருடைய ஆதார் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற ஆங்கில எழுத்துக்களையே பிள்ளைக்கும் கொடுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கும்போது இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். இடைவெளி விட்டால், நாயகி என்பதை அப்பா பெயர் என்று நினைத்து, படிவத்தில் தையலை ஒரு கட்டத்திலும் நாயகியை இன்னொரு கட்டத்திலும் ஏற்றிவிடுவார்கள். தலைப்பெழுத்து ஒன்றுதான் என்பதையும், அது முன்னால் வருமா பின்னால் வருமா என்பதையும் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே சரிபார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு இதைத் திருத்த அலைவது பெரிய பாடு.